கேட்டால்தான் திறக்குமா?

அமெரிக்க நாட்டின் நெவாடா மாநிலத்தில் ஃபாலன் என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள புனித பத்ரிசியார் ஆலயத்தைச் சார்ந்த கத்தோலிக்க ஆடவர்கள், ‘கொலம்பஸ் வீரர்கள்’ என்னும் பெயர்பெற்ற சங்கத்தின் கிளை ஒன்றை அமைத்திருந்தனர். நம் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையார் எவ்வாறோ, ஏறக்குறைய அவ்வாறே அங்கே இவர்கள். தங்கள் கிளையைப் பற்றி இணையத்தில் ஒரு பக்கமும் வெளியிட்டு வைத்திருந்தனர். பொது நூலகங்களின் கணிப்பொறிகளில் பொருத்துவதற்கென விற்கப்படும் வடிகட்டி மென்பொருள்களுள் ஒன்று, அந்தப் பக்கத்தைப் பாலியல் காட்சிகள் என்ற தலைப்பின்கீழ்ச் சேர்த்து மூடிவிட்டது.

இது யாரோ கட்டிவிட்ட கதையன்று. 2002ஆம் ஆண்டு மே 31ஆம் நாள், பிலடெல்பியா நகரின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் அமர்ந்து வழங்கிய தீர்ப்பில் பதிவாகியிருக்கும் செய்தி இது. அதே தீர்ப்பில் இதன் உடன்பிறப்புகளும் வரிசையாக நிற்கின்றன. ஹோண்டுராஸ் நாட்டில் இருநூறுக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பேணிவரும் கிறிஸ்தவ அனாதை இல்லத்தின் பக்கம் மூடப்பட்டது. கன்னியர் மடம் ஒன்றை எழுப்ப முயன்றுகொண்டிருந்த டென்சின் பால்மோ என்னும் புத்தத் துறவியாரின் பக்கம் ‘நிர்வாணம்’ என்ற பிரிவில் மூடப்பட்டது. வேதாகம வசனங்களை மரப்பலகையில் பொறித்து வீட்டுச் சுவரில் மாட்ட விற்றுவந்த கடையொன்றின் பக்கமும், கனடாவில் தூண்டில் மீன்பிடிப்புக்கு ஆட்களை அழைத்துச் செல்லும் ஒரு நிறுவனத்தின் பக்கமுங்கூட இந்தப் பழிக்குத் தப்பவில்லை.

படிப்பவர்க்குச் சிரிப்பு வரும். ஆனால் இந்த வழக்குகளின் மறுபுறத்தில் ஒரு தாய் நிற்கிறாள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அந்தத் தாய் கலிபோர்னியா மாநிலத்தின் லிவர்மோர் நகரத்தைச் சார்ந்தவள். அவளுடைய மகனுக்கு அப்பொழுது 12 வயது. பிள்ளை நூலகத்திற்குப் போகிறான் என்றால் எந்தத் தாய்தான் கவலைப்படுவாள்? கடைத்தெருவுக்கோ திரைப்படத்துக்கோ போகிறான் என்றால் அன்றோ விசாரிப்பாள்! அந்தச் சிறுவன் நகரப் பொது நூலகத்தின் கணிப்பொறியில் ஆபாசப் படங்களைத் தேடியெடுத்து, நெகிழ்தட்டில் பதிந்துகொண்டு, உறவினர் வீட்டில் அவற்றை அச்சிட்டும் வைத்திருந்தான். உண்மை தெரிந்ததும் தாய் 1998ஆம் ஆண்டு நகராட்சியின்மீது வழக்குத் தொடுத்தாள். மக்கள் வரிப்பணத்தில் நடைபெறும் இடம், தன் பிள்ளைக்கு நஞ்சூட்டும் இடமாகலாமா என்பதே அவள் கேள்வி. 2001ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவளுடைய வழக்கைத் தள்ளிவிட்டது. பிறர் வெளியிட்டவற்றிற்கு, இணைப்பை மட்டும் கொடுத்தவர் பொறுப்பாளி அல்லர் என்று கூட்டாட்சிச் சட்டம் கூறுகிறது. பிள்ளையை இத்தகைய படங்களிலிருந்து காக்கும் கடமையையும் அரசியலமைப்பு நகராட்சியின்மேல் சுமத்தவில்லை. சட்டப்படி அந்தத் தீர்ப்பில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் அந்தத் தாய்க்கு விடை கிடைத்துவிட்டது என்று நம்மால் சொல்ல முடியவில்லை.

நூலகப் பணியாளர்களின் பாடும் ஒன்று உண்டு. மின்னியாபொலிஸ் நகரப் பொது நூலகத்தில் பன்னிரு நூலகர்கள் 2000ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவ ஆணையத்திடம் முறையிட்டனர். வருவோர் சிலர் நாள்தோறும் இழிவான படங்களைத் திரையில் விரித்துவைத்துப் பார்ப்பதும், அவற்றை அப்படியே விட்டுச் செல்வதும், அச்சிட்டுப் போட்டுவிட்டுப் போவதுமாக இருக்க, அந்த இடத்தில் எட்டுமணி நேரம் வேலை செய்வதே தங்களுக்கு அவமானமாகிவிட்டது என்பது முறையீடு. ஆணையம் அதில் நியாயம் உண்டு என்று கண்டது. 2003ஆம் ஆண்டு நூலகம் 4,35,000 டாலர் கொடுத்து வழக்கைச் சமாதானமாக முடித்துக்கொண்டது.

ஆக, வடிகட்டி வேண்டும் என்றவர்கள் எல்லாரும் பிற்போக்காளரும் அல்லர். வேண்டாம் என்றவர்கள் எல்லாரும் ஆபாசத்தின் நண்பர்களும் அல்லர். இதை மனத்தில் இருத்திக்கொண்டே மேலே செல்வோம்.

வாங்காமல் விடுவதா, வாங்கியபின் கிழிப்பதா?

வர்ஜீனியா மாநிலத்தில், தலைநகர் வாஷிங்டனுக்கு அணித்தாக இருப்பது லவுடன் மாவட்டம். அம்மாவட்ட நூலக ஆட்சிக் குழுவினர் 1997ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு விதியை நிறைவேற்றினர். எல்லாக் கிளைகளிலும், எல்லாக் கணிப்பொறிகளிலும், பெரியவர்க்கும் சிறியவர்க்கும் ஒன்றாக வடிகட்டி பொருத்தப்படும். மூடப்பட்ட பக்கமொன்றைக் காண விரும்புவோர் தம் பெயர், தொலைபேசி எண், அதைக் காண வேண்டிய காரணம் ஆகியவற்றை எழுத்தில் கொடுக்கவேண்டும். நூலகர் அதைப் பரிசீலித்து முடிவு செய்வார்.

ஊரார் சிலர் ஒரு சங்கமாகக் கூடி வழக்குத் தொடுத்தனர். குவேக்கர் சபையாரின் பக்கமும், பல்கலைக்கழகப் பெண் பட்டதாரிகள் சங்கத்தின் மேரிலாந்துக் கிளைப் பக்கமும் மூடப்பட்டிருப்பதாக அவர்கள் எடுத்துக்காட்டினர். வழக்கை விசாரித்தவர் லியோனி பிரிங்கெமா என்னும் நீதிபதி. சட்டம் பயிலுமுன் நூலகவியல் பயின்று பட்டம் பெற்றவர் இவர் என்பது சுவையான செய்தி.

நூலகத்தார் முன்வைத்த வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. “எந்த நூலகமும் எல்லா நூல்களையும் வாங்குவதில்லை. தக்கதை வாங்கி, தகாததை விடுகிறோம். ஆபாசப் புத்தகத்தை அலமாரியில் வைக்கும்படி எங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அப்படியிருக்க, ஆபாசப் பக்கத்தைத் திரையில் காட்டும்படி எப்படிக் கட்டாயப்படுத்தலாம்?” என்று அவர்கள் கேட்டனர்.

நீதிபதி இதை ஏற்கவில்லை. புத்தகம் வாங்கப் பணம் வேண்டும். வைக்க இடம் வேண்டும். ஆகவே தெரிந்தெடுத்தல் தவிர்க்க முடியாதது. இணையமோ ஒருமுறை இணைப்புப் பெற்றால் முழுவதுமாக உள்ளே வந்துவிடுகிறது. அதில் ஒரு பக்கத்தைக் கூடுதலாகக் காட்டக் காசும் வேண்டாம், இடமும் வேண்டாம். மறைப்பதற்குத்தான் பணம் செலவாகிறது. எனவே வடிகட்டுதல் என்பது நூலை வாங்காமல் விடுவதைப் போன்றதன்று. கலைக்களஞ்சியத்தை முழுமையாக வாங்கிவந்து, பின் உட்கார்ந்து பக்கம் பக்கமாக மை பூசி அழிப்பதைப் போன்றது என்று அவர் கண்டார். பள்ளி நூலகங்களினின்று நூல்களை அகற்றுவதுபற்றி உச்ச நீதிமன்றம் 1982இல் வழங்கிய தீர்ப்பையும் துணைக்கொண்டார்.

1998 நவம்பரில் வந்த இறுதித் தீர்ப்பில் அவர் சுட்டிய மற்றொரு குறையே நமக்கு மிக முக்கியமாகப் படுகிறது. எந்தப் பக்கம் தகும், எந்தப் பக்கம் தகாது என்று தீர்மானித்தவர் நூலகர் அல்லர். ஆட்சிக் குழுவும் அன்று. மென்பொருளை விற்ற தனியார் நிறுவனம். எந்த அளவுகோலைக்கொண்டு தீர்மானிக்கிறது என்பதையும் அந்நிறுவனம் நூலகத்துக்குத் தெரிவிக்கவில்லை. அதாவது, வாசலில் காவலாளை நிறுத்திவிட்டோம். ஆனால் யாரை உள்ளே விடுகிறான், யாரைத் திருப்பியனுப்புகிறான் என்பது வீட்டுக்காரருக்கே தெரியாது. பிள்ளைகளைக் காக்க வேண்டுமானால் சில கணிப்பொறிகளுக்கு மட்டும் வடிகட்டி போடலாம், திரைக்கு மறைப்பு வைக்கலாம், பணியாளர் கண்காணிக்கலாம். பெரியவர்களையும் சேர்த்துக் கட்டவேண்டியதில்லை என்று கூறி, விதி அரசியலமைப்பின் முதல் திருத்தத்திற்கு முரணானது என நீதிபதி அறிவித்தார். பேச்சுரிமை, எழுத்துரிமையோடு சமய உரிமையையும் காப்பது அந்த முதல் திருத்தமே.

அச்சிட்ட பட்டியலும் அச்சிடாத பட்டியலும்

வடிகட்டி எப்படி வேலை செய்கிறது என்று அறிந்துகொண்டால்தான் ஃபாலன் நகரத்தார்க்கு நேர்ந்தது விளங்கும். முதலில் இயந்திரம் இணையத்தில் அலைந்து, சில சொற்களைக்கொண்டு ஐயத்திற்குரிய பக்கங்களைச் சேர்க்கிறது. பிறகு நிறுவனத்தின் ஆட்கள் அவற்றை ஒரு பார்வை பார்த்துப் பிரிவு பிரிவாகப் பட்டியலிடுகிறார்கள். அந்த நாளிலேயே இணையத்தில் நூறு கோடிக் கணக்கில் பக்கங்கள் இருந்தன. நாள்தோறும் புதியவை பெருகின. எத்தனை பேரை அமர்த்தினாலும் ஒவ்வொன்றையும் படித்துப் பார்ப்பது மனிதரால் ஆகிற காரியமா? ஆகவே ஒரு முகவரியில் ஒன்று தீயதெனக் கண்டால், அம்முகவரியின்கீழ் உள்ள அனைத்தையும் சேர்த்து மூடிவிடுவது எளிய வழி. இலவசமாகப் பக்கம் அமைத்துக்கொடுக்கும் பொது முகவரிகளில் ஆயிரக்கணக்கானோர் குடியிருப்பர். ஒரு வீட்டில் திருடன் இருந்தான் என்பதற்காகத் தெருவையே பூட்டி முத்திரை வைப்பது போன்ற செயல் இது. மறுபுறம், புதிதாக முளைத்த தீய பக்கங்கள் பட்டியலில் ஏறுமுன்னே கண்ணில் பட்டுவிடுகின்றன. மூடவேண்டாததை மூடுவதும், மூடவேண்டியதை விடுவதும் இரண்டும் ஒருங்கே நடைபெறும் என்பதைப் பிலடெல்பியா விசாரணையில் இருதரப்பு வல்லுநரும் மறுக்கவில்லை.

பட்டியலைப் பற்றிப் பேசும்போது நாம் ஒன்றை நினைவுகூராமல் இருக்க முடியாது. நம் திருச்சபையே நானூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியல் ஒன்றை வைத்திருந்தது. 1559இல் திருத்தந்தை நான்காம் பவுல் காலத்தில் உரோமையில் வெளிவந்த அந்தப் பட்டியலின் கடைசிப் பதிப்பு 1948இல் வந்தது. 1966ஆம் ஆண்டு, திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில், அது சட்டமாக இருப்பது நீங்கிற்று. அந்தப் பட்டியலைக் குறித்துச் சரித்திர ஆசிரியர்கள் சொல்லும் குறைகள் பல. அவற்றை மறுக்க நாம் இங்கு முற்படவில்லை. ஆனால் அது அச்சிடப்பட்ட பட்டியல். எந்த நூல் தடுக்கப்பட்டது, யார் எழுதியது என்று எவரும் எடுத்துப் பார்க்கலாம். ஆராய்ச்சிக்கு வேண்டுமென்றால் ஆயரிடம் அனுமதி பெற்றுப் படிக்கவும் வழி இருந்தது. வடிகட்டி நிறுவனங்களின் பட்டியலோ வாணிப இரகசியம். ஃபாலன் நகரத்து ஆடவர்களுக்குத் தங்கள் சங்கம் எந்தப் பிரிவில் சேர்க்கப்பட்டிருந்தது என்று யாரும் கடிதம் எழுதி அறிவிக்கப்போவதில்லை. கத்தோலிக்கராகிய நாம் பட்டியல்களின் பெருமையையும் சிறுமையையும் பழகி அறிந்தவர்கள். அதனால்தான் இவ்வேறுபாடு நம் கண்ணுக்கு உடனே தென்படுகிறது போலும்.

பணத்தோடு வந்த சட்டம்

இணையத்தில் சிறுவர்க்குத் தீங்கானவற்றை வெளியிடுவதையே குற்றமாக்கிய 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பகுதிகளை உச்ச நீதிமன்றம் 1997இல் செல்லாதென அறிவித்தது. பெரியவர்களின் உரிமையைச் சிறுவர்களின் அளவுக்குக் குறுக்கலாகாது என்பது காரணம். வெளியிடுவோரைத் தடுக்க முடியாதபோது, பார்க்கும் இடத்தைத் தடுக்கலாம் என்ற எண்ணம் எழுந்தது. 2000ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் அதிபர் கிளின்டன் ‘சிறுவர் இணையப் பாதுகாப்புச் சட்ட’த்தில் கையொப்பமிட்டார்.

இந்தச் சட்டம் எந்த நூலகத்தையும் நேராகக் கட்டளையிடவில்லை. பள்ளிகளும் நூலகங்களும் இணைய இணைப்புக்குச் செலுத்தும் கட்டணத்தில் 20 முதல் 90 விழுக்காடு வரை தள்ளுபடி பெறும் திட்டம் ஒன்று அங்கே நடைமுறையில் இருந்தது. நூலகங்களுக்கென வேறொரு மானியமும் உண்டு. இவற்றைப் பெறவேண்டுமானால் வடிகட்டி பொருத்த வேண்டும் என்று சட்டம் விதித்தது. ஏழைகள் மிகுந்த பகுதிக்கே தள்ளுபடி அதிகம். ஆகவே கட்டுப்பாட்டின் பாரமும் அவர்கள்மேலேயே அதிகமாக விழுந்தது. செல்வம் படைத்த நகரம், “உங்கள் பணமும் வேண்டாம், நிபந்தனையும் வேண்டாம்” என்று சொல்லிவிடலாம். சான் பிரான்சிஸ்கோ அவ்வாறே சொல்லிற்று. வீட்டிலே கணிப்பொறி இல்லாதவர்கள் நம்பியிருக்கும் சிற்றூர் நூலகம் எப்படிச் சொல்லும்?

சட்டத்தின் சொற்களைக் கூர்ந்து நோக்கினால் அது கேட்டது குறைவு என்பது புலப்படும். ஆபாசம், குழந்தைகளை இழிவுபடுத்தும் படங்கள், சிறுவர்க்குத் தீங்கானவை ஆகிய மூன்றிலும் அது தடுக்கச் சொன்னது படங்களை மட்டுமே, எழுத்தை அன்று. ஆனால் எழுத்தை விட்டுப் படத்தை மட்டும் பிரித்தறியும் வடிகட்டி கடையில் இல்லை. சட்டம் சிறு கத்தியைக் கேட்டது. கடைக்காரனிடம் இருந்ததோ அரிவாள்.

அமெரிக்க நூலகச் சங்கம் வழக்குத் தொடுத்தது. மேலே நாம் குறிப்பிட்ட பிலடெல்பியா நீதிபதிகள் மூவரும் ஒருமனமாகச் சட்டத்தைச் செல்லாதென்றனர். அரசு உச்ச நீதிமன்றம் சென்றது.

ஆறுக்கு மூன்று

2003ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பிலடெல்பியா தீர்ப்பை மாற்றிச் சட்டத்தை நிலைநிறுத்தியது. ஆறு நீதிபதிகள் ஒருபுறம், மூவர் மறுபுறம். ஆனால் அறுவரும் ஒரே காரணத்தைச் சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

தலைமை நீதிபதி ரென்குவிஸ்டும் அவருடன் மூவரும் நூலகத்தாரின் பழைய வாதத்தையே ஏற்றனர். நூல்களில் ஆபாசத்தை விலக்கிவந்த நூலகம் இணையத்திலும் விலக்கினால் அதில் தவறென்ன? தவறுதலாக ஒரு பக்கம் மூடப்பட்டால், பெரியவர் நூலகரிடம் சொன்னால் போதும், திறந்துவிடலாம். காரணம்கூடக் கூற வேண்டியதில்லை என்று அரசு வழக்கறிஞரே மன்றத்தில் ஒப்புக்கொண்டிருந்தார். கேட்பதற்குக் கூச்சமாயிருக்கும் என்றால், கூச்சமின்றிச் செய்தி பெறும் உரிமையை அரசியலமைப்பு யாருக்கும் உறுதியளிக்கவில்லை என்றும் தலைமை நீதிபதி எழுதினார்.

கென்னடி, பிரேயர் ஆகிய இரு நீதிபதிகள் முடிவை ஏற்றாலும் தனித்தனியே எழுதினர். கேட்டவுடன், குறிப்பிடத்தக்க காலத்தாழ்வின்றி, நூலகர் திறந்துவிடுவார் என்றால் இந்த வழக்கில் பெரிதாக ஒன்றுமில்லை. அவ்வாறு திறவாத நூலகம் ஏதேனும் இருந்தால் அதன்மீது தனியே வழக்குத் தொடரலாம் என்றார் கென்னடி. மூடிய அலமாரியிலுள்ள நூலைப் பணியாளரிடம் கேட்டு வாங்குவதுபோன்ற சிறு தொல்லைதான் என்றார் பிரேயர். இந்த இருவர் இல்லாமல் பெரும்பான்மை இல்லை. எனவே அந்தப் பெரிய வழக்கு முழுவதும் ஒரு சின்னஞ்சிறு செயலின்மேல் வந்து நின்றுவிட்டது. ஒருவர் எழுந்து சென்று கேட்க வேண்டும்; இன்னொருவர் திறக்க வேண்டும்.

மறுத்த மூவருள் ஸ்டீவன்ஸ் எழுப்பிய கேள்விக்கு அறுவரும் நிறைவான விடை தந்ததாக நமக்குத் தோன்றவில்லை. தன்னிடமிருந்து மறைக்கப்பட்டது இன்னதென்று தெரியாதவன் எதைப் போய்க் கேட்பான்? மூடிய அலமாரியிலுள்ள நூலுக்காவது நூற்பட்டியலில் ஓர் அட்டை உண்டு; பெயரைப் பார்த்துக் கேட்கலாம். வடிகட்டிக்குப் பின்னால் இருப்பதற்கு அட்டை ஏது? சவுட்டரும், அவருடன் உடன்பட்ட கின்ஸ்பர்க்கும், சிறுவர்க்கு வடிகட்டிய கணிப்பொறியும் பெரியவர்க்கு வடிகட்டாத கணிப்பொறியும் வைத்தால் தீர்ந்துபோகும் காரியத்திற்கு இத்தனை பெரிய பூட்டு எதற்கு என்று கேட்டனர்.

கூச்சத்தைப் பற்றித் தலைமை நீதிபதி எழுதியதைக் குறித்து ஒரு சொல். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்த எந்தக் குருவும் அவ்வளவு எளிதாக அதைத் தள்ளிவிட மாட்டார். திரைக்கு அப்பால், முகம் தெரியாத இருட்டில், மன்னிப்பு உறுதி என்று அறிந்தும், வாய் திறக்க இயலாமல் திரும்பிப் போகிறவர்கள் எத்தனை பேர்! அப்படியிருக்க, ஊரறிந்த நூலகத்தில், அண்டை வீட்டாரே பணியாளராக இருக்கும் சிற்றூரில், தன் உடலில் தோன்றிய கட்டியைப் பற்றியோ, கணவன் கொண்டுவந்து சேர்த்த நோயைப் பற்றியோ படிக்கவேண்டிய ஒரு பெண், எல்லார் முன்னிலையிலும் சென்று, “ஆபாசம் என்று மூடியிருக்கிறது, திறந்துவிடுங்கள்” என்று கேட்பாளா? கேட்கமாட்டாள். எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாள். கேட்காதவர்களைப் பற்றி நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல யாரும் வருவதில்லை.

இதனால் நாம் அந்தத் தீர்ப்பு முழுவதும் தவறு என்று சொல்வதாக எண்ணற்க. சிறுவர்களைப் பொறுத்தவரையில் சட்டம் நியாயமானதே. லிவர்மோர் நகரத்துச் சிறுவன் போன்றோர்க்கு ஏதேனும் ஒரு வேலி வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. வேலியில் வாசல் எங்கே, அதன் திறவுகோல் யார் கையில் என்பதே நம் கேள்வி.

ஐந்து மாவட்டங்களில் நடந்தது

கென்னடி சொன்ன ‘திறவாத நூலகம்’ பற்றிய வழக்கு மூன்றே ஆண்டுகளில் வந்துவிட்டது. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள வாஷிங்டன் மாநிலத்தில் (தலைநகர் வேறு, இது வேறு) வெனாச்சி நகரைத் தலைமையிடமாகக் கொண்ட வட்டார நூலகம் ஐந்து மாவட்டங்களில் 28 கிளைகளை நடத்தி வந்தது. பெரும்பாலானவை சிறிய கிளைகள்; சிறுவர் பகுதிக்கும் பெரியவர் பகுதிக்கும் இடையே சுவர்கூட இல்லை. அங்கே பெரியவர் கேட்டாலும் வடிகட்டியை முழுவதுமாக நீக்குவதில்லை. குறிப்பிட்ட பக்கம் ஒன்றைத் திறக்கும்படி எழுதிக் கேட்கலாம், நூலகத்தார் பார்த்து, தங்கள் கொள்கைக்கு ஒத்திருந்தால் திறப்பர், இல்லையேல் இல்லை.

2006ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தவர்களைப் பாருங்கள். இளைஞரிடையே புகைப்பழக்கம் பற்றிப் படிப்புக்காகத் தேடிய ஒரு பெண்மணி. கலைக்கூடங்களைப் பற்றி அறிய விரும்பிய ஒரு நிழற்படக் கலைஞர். துப்பாக்கிகளைப் பற்றிப் படிக்க விரும்பிய ஓர் ஆடவர். இவர்களோடு துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் அமைப்பொன்று. அந்த அமைப்பின் மகளிர் பத்திரிகைப் பக்கமும் மூடப்பட்டிருந்தது. பிற காரியங்களில் ஒரே பந்தியில் உட்காரமாட்டாதவர்கள் இங்கே ஒரே வழக்கில் கையொப்பமிட்டார்கள்.

2010ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் அம்மாநில உச்ச நீதிமன்றம், ஆறுக்கு மூன்று என்ற அதே கணக்கில், நூலகத்தின் கொள்கை மாநில அரசியலமைப்புக்கு முரணன்று எனத் தீர்ப்பளித்தது. வடிகட்டுதல் நூல் தெரிந்தெடுத்தலைப் போன்றதே என்பது பெரும்பான்மையோர் கருத்து. 2012 ஏப்ரலில் கூட்டாட்சி நீதிமன்றமும் நூலகத்தின் பக்கமே நின்றது. சிறு கிளைகள், சிறுவரும் பெரியவரும் ஒன்றாக அமரும் அறை, குறைந்த பணியாளர் ஆகியவற்றை எண்ணினால் அந்நீதிபதிகளின் தயக்கத்தை நாம் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனாலும், கேட்டவுடன் திறக்கப்படும் என்ற நம்பிக்கையின்மேல் கட்டப்பட்டது 2003ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அந்த ஐந்து மாவட்டங்களில் கேட்டாலும் திறக்கவேண்டியதில்லை என்றாகிவிட்டது. அடித்தளத்தை எடுத்துவிட்ட பின்னும் வீடு நிற்கிறது. எப்படி நிற்கிறது என்று நமக்கு விளங்கவில்லை.

வேறொரு முடிவும் உண்டு. மிசூரி மாநிலத்தின் சேலம் என்னும் ஊரில் (பெயர் மட்டுமே நமக்குப் பழக்கமானது!) ஒரு பெண்மணி அமெரிக்கப் பழங்குடி மக்களின் சமய நம்பிக்கைகளைப் பற்றி அறிய நூலகத்திற்குச் சென்றார். வடிகட்டி அவற்றை மாந்திரீகம் போன்ற பிரிவுகளில் சேர்த்து மூடியிருந்தது. அவர் கேட்டும் பயனில்லை. 2012இல் வழக்குத் தொடுத்தார். அடுத்த ஆண்டே அந்தப் பிரிவுகளை இனி மூடுவதில்லை என்று நூலகம் ஒப்புக்கொண்டதோடு வழக்கு முடிந்தது. ஒருவருடைய வழிபாடு இன்னொருவருடைய பட்டியலில் மாந்திரீகமாகிவிடுவது, சிறுபான்மைச் சமயத்தாராக வாழ்ந்து பழகிய நமக்குப் புதிய செய்தியன்று.

சிறுவர் இணையப் பாதுகாப்புச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. தள்ளுபடியும் உண்டு, நிபந்தனையும் உண்டு. வடிகட்டியை நீக்கும் முறையை அந்தந்த நூலகமே வகுத்துக்கொள்ளலாம் என்று அரசின் தகவல் தொடர்பு ஆணையம் 2003லேயே விட்டுவிட்டது. இதனைப் பயன்படுத்திச் சில நூலகங்கள் ஓர் ஏற்பாடு செய்திருக்கின்றன. நூலக அட்டை வாங்கும்போதே வயது பதிவாகிவிடுகிறது. கணிப்பொறியில் அமர்ந்து அட்டை எண்ணைத் தட்டினால், 18 வயது நிரம்பியவர்க்குத் திரையிலேயே ஒரு கேள்வி வரும்: வடிகட்டியுடனா, வடிகட்டி இன்றியா? விரும்பியதைத் தாமே தொட்டுக்கொள்ளலாம். யாரிடமும் எழுந்துபோக வேண்டியதில்லை; பெயரும் காரணமும் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை. அடுத்த நாற்காலியில் 12 வயதுச் சிறுவன் தன் அட்டை எண்ணைத் தட்டினால் அந்தக் கேள்வி அவன் திரையில் வருவதில்லை.